அஜ்மான் வீட்டு வாசல்

அத்தியாயம் 14

பதுருன்னிஸா கோபமாக இருக்கிறாள் என்பதை அவள் வீட்டில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அடுப்படியே சொல்லிவிடும். அன்றைக்குக் காலையில் இடியாப்பத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிய மோதலில், பின்வாசல் முடுக்கில் போய்க்கொண்டிருந்த பூனை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"உம்மா, தட்டு நெளிஞ்சிரப் போவுது" என்றாள் இளையவள் ஸஹ்லா, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டே.

"நெளிஞ்சா நெளியட்டும். இந்த வீட்டுல எது நேரா இருக்கு?"

ஸஹ்லா அதற்குமேல் வாயைத் திறப்பாளா? பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாள்.

மூத்தவள் ஆஃபியாவின் மாப்பிள்ளை நௌஃபல் அந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே கதைதான். ஷார்ஜாவில் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் வேலை. பல வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துப் பக்கத்து அஜ்மானில் ஒரு ஃப்ளாட் வாங்கிவிட்டான். ஆஃபியாவை அங்கே கூட்டிப்போய்க் குடும்பமாக இருக்க வேண்டும் என்கிறான்.

வேறு ஊராக இருந்தால் இந்நேரம் தெருவுக்கே இனிப்புக் கொடுத்திருப்பார்கள். ஆனால் இது காயல்பட்டினம் ஆயிற்றே! இங்கே பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பதுருன்னிஸாவின் கணவர் ஜக்கரிய்யாவும் அப்படி வந்தவர்தான், அவளுடைய வாப்பாவும் அப்படி வந்தவர்தான். அப்படி இருக்க, ஒரு மாப்பிள்ளை வீடு வாங்கி, பெண்ணைத் தன் வீட்டுக்கு வரச் சொல்வதாவது! ஆஃபியாவுக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய மாடி வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டா?

"எம்மவ என்ன, மாப்பிள்ளை வீட்டுல ஒண்டப் போறாளா?" இதை அவள் சொல்லாத நாள் இல்லை.

ஆஃபியா ஒரே வார்த்தையில் நின்றாள். உம்மா வாய் நிறையப் 'போய்ட்டு வா' என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் படி இறங்குவேன். எடுத்த விசாவின் கெடு முடியப் போகிறது. இன்றைக்குச் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு அப்புறம் நௌஃபல் கூப்பிடுவான். சரி என்றால் டிக்கெட் போடுவான். இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பின்வாசல் முடுக்கு வழியாக, ஷார்ஜாவில் நௌஃபலோடு ஒரே ரூமில் தங்கியிருந்த இஹ்ஸானின் உம்மா வந்து சேர்ந்தாள். காயலில் பெண்கள் ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு போய்வர அந்த முடுக்குகள்தான் வழி. சேதியும் அந்த வழியாகத்தான் போகும், சமயத்தில் போனைவிட வேகமாக. கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் இருந்தது. ஆனால் அவள் கொண்டு வந்தது வட்டிலப்பம் இல்லை என்பது அவள் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

"ஏளா பதுரு, மாப்பிள்ளை புது வீட்டுல குடி போயாச்சா?"

"சாவி வாங்கி ஒரு மாசம் ஆச்சே. போவாம?"

"அப்படியா? நேத்து எங்க இஹ்ஸான் போன்ல பேசுறான், அவன் ரூம்ல அடுக்குக் கட்டிலோட மேல் கட்டில்ல உங்க மாப்பிள்ளை படுத்துக் கெடக்காங்க."

"யாரோ கெடந்திருப்பாங்க."

"காலைப் பார்த்தேன், அவங்க காலுதான்."

"காலைப் பார்த்து ஆளைச் சொல்லுதியா நீ?"

"அப்புறம் முகத்தையும் காட்டுனாங்களே! 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டாங்க." இஹ்ஸானின் உம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான் இவன்கிட்ட கேட்டேன், ஏண்டா, அவங்களுக்குத்தான் வீடு இருக்கே, இங்கன ஏன் படுத்திருக்காங்கன்னு. 'அது ஒரு கதை உம்மா'ன்னான். சொல்ல மாட்டேங்குறான். நமக்கெதுக்குன்னு நானும் விட்டுட்டேன்."

விட்டுவிட்ட லட்சணம், விடிந்ததும் கிண்ணத்தோடு வந்திருக்கிறாள்.

அவள் போனதும் பதுருன்னிஸா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.  வீடு வாங்கினேன் என்று சொல்லி ஒரு மாசம். அந்த ஒரு மாசத்தில் மாப்பிள்ளை ஒரு நாளாவது வீட்டுக்குள் இருந்து பேசினாரா? ஹால் எப்படி, அடுப்படி எப்படி, ஜன்னலைத் திறந்தால் கடலா மண்ணா, எதையாவது காட்டினாரா? எப்போது கூப்பிட்டாலும் ரோட்டில் நின்றோ, ஆபீஸில் இருந்தோ, அந்த இரும்புக் கட்டிலில் சாய்ந்தோதான். வீடு கட்டி முடியவில்லையோ? எவனாவது ஏமாற்றிவிட்டானோ? இல்லை, வீடே இல்லையோ?

ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீடு இல்லையென்றால் ஆஃபியா போக வேண்டாம் பாருங்கள்! மறு நிமிஷமே, சீ, பெற்ற பிள்ளைக்கு இப்படியா நினைப்பது என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை அஸ்தஃபிருல்லாஹ் சொன்னாள்.

ஆஃபியாவிடம் சொல்லவில்லை. முன்கூடத்தில் தூத்துக்குடிக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த ஜக்கரிய்யாவிடம் போய் நின்றாள்.

"சூட்கேஸ் வாங்கத்தானே போறீங்க? நானும் வாறேன்."

ஜக்கரிய்யாவுக்குப் பொத்தான் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டி என்ற பேச்சை எடுத்தாலே ஒரு வாரமாக எரிந்து விழுந்தவள்! என்ன ஏது என்று கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று, "வா வா" என்று மட்டும் சொன்னார்.

மாரிராஜின் வாடகைக் கார். ஆத்தூர்க்காரன், வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, வண்டி ஓட்டுவது போக மற்ற நேரத்துக்கு அதுதான் பிழைப்பு. எந்த வீட்டுப் பேச்சானாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அதில் கலந்துகொள்வான்.

கார் ஊர் எல்லை தாண்டியதும் பதுருன்னிஸா எல்லாவற்றையும் கொட்டினாள். கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஆத்தூர்ப் பாலம் வருவதற்குள் அது சண்டைக் குரலாகிவிட்டது.

"நௌஃபல் பொய் சொல்லுற ஆளில்ல பதுரு."

"நானும் அதைத்தான் சொல்லுதேன். பொய் சொல்லுற ஆளில்ல. அப்போ ஏன் மறைக்காங்க? மறைக்குற அளவுக்கு என்னமோ நடந்திருக்கு!"

ஜக்கரிய்யா தாடியைத் தடவினார். பதில் இல்லாதபோது அவருக்குத் தாடிதான் துணை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் மாரிராஜ். "வீடு வாங்கியிருப்பாவ. கரண்டு குடுத்திருக்க மாட்டான். எங்க சித்தப்பா மவன் மாரிச்செல்வம் இங்கன தூத்துக்குடில வீடு வாங்கிட்டு மூணு மாசம் வெளக்கு இல்லாம அலைஞ்சாம்லா."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா" என்றாள் பதுருன்னிஸா. இருந்தாலும் கரண்டு விஷயம் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. கரண்டு என்றைக்காவது வந்துவிடும்.

தூத்துக்குடியில் சூட்கேஸ் கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். பதுருன்னிஸா இருப்பதிலேயே குட்டியாக ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"அது ரெண்டு நாள் டூருக்குக் கொண்டு போறதும்மா."

"அது போதும். ரெண்டு நாள்ல வந்துருவா."

கடைக்காரர் ஜக்கரிய்யாவைப் பார்த்தார். ஜக்கரிய்யா ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய பெட்டி ஒன்றைக் கண்ணால் காட்டினார். அனுபவஸ்தரான கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பெரியதைத் துடைத்து மாரிராஜிடம் கொடுத்துவிட்டார். பதுருன்னிஸா பார்க்காத மாதிரி நின்றுகொண்டாள்.

அடுத்தது மக்ரூன் கடை. காரை நிறுத்தச் சொன்னது அவள்தான்.

"யாருக்கு?" என்றார் ஜக்கரிய்யா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மாப்பிள்ளைக்குத்தான். முந்திரி நிறையப் போட்டதா வாங்குங்க. கோபம் வேற, மக்ரூன் வேற."

திரும்பும்போது ஜக்கரிய்யா துறைமுகம் போகிற கடற்கரைச் சாலையில் டீ குடிக்கலாம் என்றார். மாரிராஜ் கடைக்குப் போனான். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் கப்பல்கள் உள்ளே வர முறைக்காகக் காத்து நின்றன. வெயில் ஏறியிருந்தது, காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.

ஜக்கரிய்யா சவூதியில், தமாமில் ஹார்டுவேர் கடை ஒன்றில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். பெட்டியில் துணியும் செண்ட்டும் இருக்கும், இரண்டு பிள்ளைகளும் அவரை அடையாளம் கண்டு மடியில் ஏறுவதற்குள் லீவு முடிந்துவிடும். ஒரேயடியாகத் திரும்பி வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது.

"உன்கிட்ட ஒண்ணு சொன்னதில்ல பதுரு" என்றார், கப்பலைப் பார்த்துக்கொண்டே. "ஆஃபியா கைப்பிள்ளையா இருந்தப்போ முதலாளி எனக்குக் குடும்ப விசா தாரேன்னார். கடைக்குப் பின்னாடியே ஒரு வீடும் பார்த்து வச்சேன். சின்ன வீடு. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு பேரீச்சை மரம் நிக்கும்."

பதுருன்னிஸா திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லலியே!"

"எப்படிச் சொல்ல? ஊர்ல எந்த மாப்பிள்ளை கேட்டிருக்கான், உன் உம்மா வீட்டை விட்டு வான்னு? நீ வர மாட்டேன்னு நானே நினைச்சுக்கிட்டேன். வேற ஒரு ஆள் அந்த வீட்டுக்குக் குடி போயிட்டான்."

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. பொல்லாத கோபம் வந்தது அவளுக்கு, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் ஒரு கதவைப் பார்த்துவைத்துவிட்டுத் தட்டாமலே திரும்பியிருக்கிறார்! சொன்னால்தானே தெரியும்? ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. மாரிராஜ் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சரியில்லை என்று பாட்டைக்கூடப் போடாமல் ஓட்டினான்.

வீட்டில் ஆஃபியா பெரிய பெட்டியைப் பார்த்ததும் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றாள்.

"பெருசா இருக்கே உம்மா?"

"உங்க வாப்பா வாங்குனது."

ஆஃபியா பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். கண்ணில் அந்த ஆசை அப்படியே தெரிந்தது, மறைக்கத் தெரியாத பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளையோடு இருந்த நாட்களை நோன்புக் கணக்கு மாதிரி விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு தடவையும் அவன் கிளம்பிப் போன பிறகு மாடி அறையில் அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பதைப் பதுருன்னிஸா பார்க்காமலா இருக்கிறாள்? பார்த்துக்கொண்டு, அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். அவள் உம்மாவும் அந்தக் காலத்தில் அவளுக்கு அதையேதான் செய்தார்கள்.

"உம்மா" என்றாள் ஆஃபியா. "நீங்க வேண்டாம்னா நான் போவலை. சத்தியமா போவலை, முகத்தையும் சுளிக்க மாட்டேன். ஆனா நீங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுச் 'சரி'ன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா அங்கன போயும் எனக்குச் சோறு இறங்காது."

பதுருன்னிஸாவுக்கு மகளைக் கட்டிப் பிடிக்கக் கை பரபரத்தது. ஆனால் அந்த மேல் கட்டிலும் கட்டிலில் நீட்டிய காலும் நினைவுக்கு வந்தன. வீடே இல்லாமல் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே வைப்பார்?

"சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிடட்டும். அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு லுஹர் தொழப் போய்விட்டாள்.

மஃரிப் தொழுது முடித்து யாரும் பாயை மடிக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது.

ஸஹ்லாதான் போனைப் பிடித்தாள். ஆஃபியா பக்கத்தில், ஜக்கரிய்யா பின்னால். பதுருன்னிஸா வழக்கம்போல அறைக் கதவுத் திரைக்குப் பின்னே. மாப்பிள்ளை முன்னால் மாமி முகம் காட்டிப் பேசுவது அந்த வீட்டில் கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து நௌஃபலுக்கு வேண்டியதெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்துதான் போகும், சோறானாலும் சரி சேதியானாலும் சரி. வீடியோவில் அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" நௌஃபலின் குரல். "மாமா, நல்லா இருக்கீங்களா? ஸஹ்லா, போனை ஆட்டாம பிடி. இங்கன பாருங்க, எங்க நிக்கேன்னு!"

"எங்க மச்சான்?" ஆஃபியாவின் குரல் துள்ளியது.

"நம்ம வீட்டு வாசல்ல."

திரைக்குப் பின்னே பதுருன்னிஸாவின் காது விடைத்துக்கொண்டது, திரை இடுக்கு வழியாகப் போனை எட்டிப் பார்த்தாள்.

நீளமான நடை. இரண்டு பக்கமும் கதவுகள். நௌஃபல் ஒரு கதவைக் காட்டினான், அது திறந்துதான் இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, வெள்ளைச் சுவரில் ஒரு துண்டு தெரிந்தது.

கரண்டு இருக்கிறது. மாரிராஜ் சொன்னது தப்பு.

"உள்ளே போய்க் காட்டுங்க மச்சான்!" என்றாள் ஸஹ்லா.

"நான் இங்கனயே நிக்கேன். இஹ்ஸான், நீ காட்டுடா."

உள்ளேயிருந்து துடைப்பமும் கையுமாக இஹ்ஸான் வந்தான். ஆஃபியா அவனுக்கு அக்கா முறை. "ராத்தா, அடுப்படி சூப்பரா இருக்கு. ஜன்னலைத் திறந்தா கடல் இவ்ளோண்டு தெரியுது. எட்டிப் பார்க்கணும், ஆனா தெரியுது." போனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். ஹால், அடுப்படி, இரண்டு அறை, குளியலறைக் குழாய் வரைக்கும் திறந்து காட்டினான். திரும்பி வாசலுக்கு வந்தபோது நௌஃபல் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இதற்குமேல் பதுருன்னிஸாவால் முடியவில்லை. யா அல்லாஹ், இது என்ன கூத்து! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை ஒரு வீசு வீசி விலக்கிக்கொண்டு, நேரே போனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை! வீடு உங்களதுதானா, இல்லியா? எல்லாரும் போறாங்க வாறாங்க, நீங்க மட்டும் ஏன் வாசல்லயே நிக்கீங்க?"

ஸஹ்லாவின் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது.  அந்தப் பக்கம் நௌஃபல் திடுக்கிட்டு நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்து, கல்யாண நாளுக்கு அப்புறம் மாமியை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்த பதற்றத்தில் இரண்டாம் தடவையும் ஸலாம் சொன்னான்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். அது இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இன்னும் இஹ்ஸான் ரூம்லதானே படுக்குறீங்க?"

நௌஃபல் இஹ்ஸானை முறைத்தான். இஹ்ஸான் துடைப்பத்தைப் பார்த்தான்.

"ஆமா மாமி."

"ஏன்?"

"இல்ல மாமி..." அவன் தலையைச் சொறிந்தான். "விலை பேசும்போது ஒரு தடவை உள்ளே பார்த்தேன். சாவி கைக்கு வந்த அப்புறம் நுழையலை. வீடு ஆஃபியாவுக்குத்தானே? அவ வந்து கையெழுத்துப் போட்டா மறுநாளே அவ பேருக்கு மாத்திருவேன். எழுதுறவர்கிட்டச் சொல்லி வச்சாச்சு."

"ஆஃபியாவுக்கா?"

"பின்ன? நம்ம ஊர்ல வீடுன்னா பொண்ணுக்குத்தானே மாமி? எங்க உம்மா வீடு எங்க ராத்தாவுக்கு. அங்கன நீங்க கட்டுனது ஆஃபியாவுக்கு. இதுவும் அவளுக்கு. நான் எங்க போனாலும் காயல் மாப்பிள்ளைதான், எனக்கேது வீடு?" சொல்லிவிட்டுச் சிரித்தான். "என் கல்யாணத்தன்னைக்கு நீங்க உள் வாசல்ல நின்னு, 'உள்ளே வாங்க மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டு, வாயில சீனி போட்டீங்க. அப்புறம்தான் நான் அந்த வீட்டுல கால் வச்சேன். இங்கன யாரும் கூப்பிடலை. கூப்பிடாத வீட்டுக்குள்ள மாப்பிள்ளை எப்படி மாமி நுழையுறது?"

"சாச்சி, நான் சொல்லட்டா?" இஹ்ஸான் குறுக்கே புகுந்தான். "ஏசி மாட்ட வந்த ஆள் உள்ளேயிருந்து கூப்பிடுறான், 'சார், எந்தச் சுவர்ல மாட்டணும்?' இவங்க நடையில நின்னு எட்டி எட்டிக் கையைக் காட்டுறாங்க. அவன் இவங்களைக் காவல்காரன்னு நினைச்சு, 'உங்க முதலாளிகிட்ட கேட்டுச் சொல்லு'ன்னுட்டான்!"

ஸஹ்லா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜக்கரிய்யாவுக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. ஆஃபியா சிரித்துக்கொண்டே அழுதாள், துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

பதுருன்னிஸா மட்டும் சிரிக்கவில்லை. பைத்தியக்காரப் பிள்ளை! கடல் தாண்டி, யாருக்கும் இந்த வழக்கமே தெரியாத ஊரில், பார்க்க ஒருத்தர் இல்லாத நடையில், சொந்தக் காசில் வாங்கின வீட்டு வாசலில் செருப்போடு நிற்கிறானே! 'மாப்பிள்ளை வீட்டுல ஒண்டப் போறாளா' என்று எத்தனை நாள் எத்தனை பேரிடம் கேட்டாள்! இப்போது பார்த்தால் ஒண்டிக்கொண்டிருப்பது மாப்பிள்ளைதான், அதுவும் மேல் கட்டிலில். அவளுக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாக இருந்தது. கண் நிறைந்து போன் மங்கலாகத் தெரிந்தது.

"மாமி, போன்லயாவது ஒரு வார்த்தை கூப்பிடுங்க" என்றான் நௌஃபல் மெதுவாக. "ஆஃபியாவை அனுப்ப உங்களுக்கு மனசு இருந்தா. இல்லைன்னா வேண்டாம், நான் இஹ்ஸான் ரூமுக்கே போறேன். கோபிச்சுக்க மாட்டேன்."

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். 

பதுருன்னிஸா  முக்காட்டு நுனியால் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"போன்ல கூப்பிடுறதா? இது என்ன, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புறதா? மாப்பிள்ளையைக் கூப்பிடுறதுன்னா மாமி வாசல்ல நிக்கணும். சீனியை வாயில போடணும். போன்ல சீனி போட முடியுமா?" குரல் உடைந்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நேர்ல வாறேன். நான் வந்து கூப்பிடுற வரைக்கும் அங்கன அப்படியே வெளியிலயே நில்லுங்க!"

"உம்மா!" ஆஃபியா அலறினாள். "அப்போ நான்..."

"உன்னைப் 'போய்ட்டு வா'ன்னு சொல்ல மாட்டேன்ளா. 'வா, போவோம்'னு சொல்லுதேன். போதுமா?"

போதுமா! ஆஃபியா உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றிய சுற்றில் இருவரும் அந்தப் பெரிய சூட்கேஸில் இடித்துக்கொண்டார்கள். ஸஹ்லா, "அப்போ நான்? எனக்குப் பரீட்சை இருக்கே, என்னை யாருகிட்ட விட்டுட்டுப் போறீங்க?" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பக்கம் இஹ்ஸான் நடையிலேயே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆட, யாரோ ஒரு அரபுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்.

"சீக்கிரம் வாங்க மாமி" என்றான் நௌஃபல். அவன் குரலும் தடுமாறியது. "மேல் கட்டில் முதுகு வலிக்குது."

"வலிக்கட்டும். மக்ரூன் கொண்டு வாறேன்."

அதற்குள் முடுக்குப் பக்கம் இஹ்ஸானின் உம்மாவின் தலை தெரிந்தது. எட்டு வீட்டுக்குக் கேட்ட சத்தம் அவளுக்குக் கேட்காமலா? ஸஹ்லாவும் ஆஃபியாவும் ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு கதையை மாற்றி மாற்றிச் சொல்ல, அவள் "நான்தான் சொன்னேனே, அது ஒரு கதைன்னு!" என்று எல்லாம் தனக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டினாள்.

முன்கூடத்தில் ஜக்கரிய்யாவும் பதுருன்னிஸாவும் மட்டும் நின்றார்கள்.

"உம்ராவுக்குன்னு எடுத்த பாஸ்போர்ட் இருக்குல்லா? அது போதுமா?" என்று கேட்டாள் அவள், தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே.

"போதும். விசா நான் பார்த்துக்கிடுதேன்." அவர் தாடியைத் தடவவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பதுரு, அன்னைக்கு நான் கூப்பிட்டிருந்தா, தமாமுக்கு வந்திருப்பியா?"

பதுருன்னிஸா மடித்த பாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சிவந்து போயிற்று.

"கேக்கத் தெரிஞ்சுதே, இப்பவாவது!" என்றாள். "அதுக்குப் பதிலை அஜ்மான்ல வச்சுச் சொல்லுதேன். பேசாம உங்களுக்கும் சேர்த்து டிக்கெட்டைப் போடச் சொல்லுங்க."